சீழ்க்கை அடிக்காத செந்நாய்

ஒரு காட்டில் ஏழு செந்நாய்கள் கூட்டமாக வாழ்ந்தன. தலைதான் ஏழு, வயிறு ஒன்று என்று மற்ற விலங்குகள் அவற்றைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும். அப்படி ஓர் ஒற்றுமை.

குழந்தைகளே, செந்நாயை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் தெருவில் திரியும் நாயின் அளவுதான் இருக்கும். உடம்பு செம்மண் நிறம். வால் மட்டும் கரி பூசியதுபோல் கறுப்பு. அதற்கு நம் தெருநாயைப்போல் குரைக்க வராது. அதற்குப் பதிலாகச் சீழ்க்கை அடிக்கும். கூப்பிடுவது, பதில் சொல்வது எல்லாமே அந்தச் சீழ்க்கையில்தான்.

அந்த ஏழில் ஒருத்தியின் பெயர் குன்றி. பிறந்தபோது குன்றிமணி அளவுக்குச் சிறுத்துக் கிடந்தாளாம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வளர்ந்து பெரியவளாகி, முடுகன் என்பவனோடு சேர்ந்து, நான்கு குட்டிகளுக்குத் தாயான பிறகும் அவள் மற்றவர்களைவிட அரைச் சாண் குட்டைதான்.

இவர்கள் வேட்டையாடும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் இந்தக் கதை புரியாது.

மலைச்சரிவில் ஒரு புல்வெளி. காலையில் மான்கள் அங்கே மேயும். கூட்டத்தின் தலைவி நெடியாள் அவற்றில் ஒன்றைக் கண்ணால் குறித்துவிடுவாள். ஒருத்தி குகையில் குட்டிகளுக்குக் காவல் இருப்பாள். ஐந்து பேர் மானை விரட்டுவார்கள். முன்னால் ஓடுபவர் களைத்தால் பின்னால் வருபவர் முன்னே வருவார். இப்படி மாறி மாறி விரட்டினால் எந்த மானுக்கும் மூச்சு வாங்கிவிடும்.

சரிவின் அடியில், யானை படுத்திருப்பதுபோல் ஒரு பெரிய பாறை. பாறைக்கு இடப்பக்கம் ஓடைத் துறை. வலப்பக்கம் ஆள் உயரத்துக்கு நாணல் காடு. ஓடிவரும் மான் எந்தப் பக்கம் திரும்பியது என்பது விரட்டி வருபவர்களுக்குத் தெரியாது. பாறை மறைத்துவிடும்.

அதற்காகத்தான் குன்றி. அவள் துறையில் ஒரு நாவல் மரத்துக்குப் பின்னால் நிற்பாள். மான் துறைக்கு வந்தால் ஒரு சீழ்க்கை அடிப்பாள். எல்லோரும் அந்தப் பக்கம் ஓடிவந்து மானைத் தண்ணீரில் மடக்குவார்கள். சீழ்க்கை வரவில்லை என்றால் மான் நாணலுக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். அப்போது நாணல் எங்கே அசைகிறதோ அங்கே யோசிக்காமல் பாய்ந்துவிட வேண்டும். நின்று பார்த்துக்கொண்டிருந்தால் மான் மறுபக்கமாக வெளியேறிவிடும்.

நாணலில் முதலில் பாய்வது முடுகன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே பாய்வான். உனக்குப் பயமாக இல்லையா என்று அவன் தம்பி செம்பன் ஒருமுறை கேட்டான்.

"எதுக்குப் பயம்? துறையில குன்றி நிக்கிறாளே" என்றான் முடுகன்.

அவர்களுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. மான் விழுந்ததும் பக்கத்தில் இருப்பவர் நீளமாக ஒரு சீழ்க்கை அடிப்பார். மற்றவர்கள் எங்கெங்கே இருக்கிறார்களோ அங்கிருந்து பதில் கொடுப்பார்கள். எல்லோருடைய பதிலும் வந்த பிறகுதான் முதல் வாய். எவ்வளவு பசி என்றாலும் அப்படித்தான்.

சாப்பிட்டு முடித்ததும் குகைக்குத் திரும்புவார்கள். குட்டிகள் ஓடிவந்து பெரியவர்களின் வாயை நக்கும். பெரியவர்கள் வயிற்றில் சுமந்துவந்த இறைச்சியைக் கக்கிக் கொடுப்பார்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள். அவர்களிடம் தூக்குவாளியா இருக்கிறது?

கடைக்குட்டியின் பெயர் சுண்டு. அது வாய் நிறையத் தின்றுகொண்டே தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கும்.

"இன்னைக்கு யாரு புடிச்சது?"

முடுகன் தினமும் ஒரே பதிலைத்தான் சொல்வான். "எல்லாரும்தான்."

ஒருநாள் இதைக் கேட்டு ஒரு நரி சிரித்தது. குகைக்கு எதிரே இருந்த கறையான் புற்றின் மேல் உட்கார்ந்து, மிச்சம் மீதி ஏதாவது விழுமா என்று பார்த்துக்கொண்டிருந்த நரி அது. சொந்தமாக ஒரு வேலையும் கிடையாது. வாய் மட்டும் உண்டு.

"ஏன் குன்றியக்கா, எல்லாரும்னா அதுல நீங்களும் சேத்தியா? நீங்க மரத்துக்குப் பின்னாடி நின்னு ஊதுற ஆளுதானே? பல்லுல ரத்தம் படாமலே வேட்டைக்காரின்னு பேரு வாங்கினது இந்தக் காட்டுல நீங்க ஒருத்திதான்."

முடுகன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நரி கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். ஆனால் குன்றிக்கு அந்தப் பேச்சு தொண்டையில் மீன் முள்போலச் சிக்கிக்கொண்டது. யோசித்துப் பார்த்தாள். நரி சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இதுவரை ஒரு மான் மேலும் அவள் பல் பட்டதில்லை. சுண்டு என்றைக்காவது யார் பிடித்தது என்று கேட்கும்போது, நான் என்று தன்னால் சொல்ல முடியுமா?

ஒரே ஒருமுறை சொன்னால் போதும் என்று நினைத்தாள். பாவம், பெரிய ஆசை ஒன்றும் இல்லை. சின்ன ஆசைதான்.

தனியாக வேட்டையாடுபவர்கள் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்த்துவரக் கிளம்பினாள்.

முதலில் ஓடைக்கரை மணலில் குழியானையைப் பார்த்தாள். குழியானை என்பது யானை இல்லை. மிளகு அளவு பூச்சி. அது மணலில் சின்னதாக ஒரு குழி பறித்து அடியில் புதைந்துகொண்டிருந்தது. வழியோடு போன எறும்பு ஒன்று குழியில் சறுக்கியது. ஏறப் பார்த்தது. மணல் சரிந்தது. அடியிலிருந்து இரண்டு கொடுக்குகள் வந்து எறும்பை உள்ளே இழுத்துக்கொண்டன.

நீ ஓடவே மாட்டாயா என்று குன்றி கேட்டாள்.

"ஓடுறவங்க எல்லாம் எப்படியும் நம்ம குழிக்குத்தானே வரணும்" என்றது குழியானை. பூச்சிக்குத் திமிர் அதிகம்.

குன்றி இரண்டு நாள் மண்ணைப் பறித்து ஒரு குழி வெட்டினாள். மூன்றாம் நாள் மழை பெய்தது. குழியில் ஒரு தவளை வந்து குடியேறியது.

அடுத்துக் கொக்கிடம் போனாள். அது குளத்தில் ஒற்றைக் காலில் நின்றது. காலைப் பொழுது முழுவதும் நின்றது. மீன்கள் அதன் காலை ஒரு குச்சி என்று நினைத்து உரசிக்கொண்டு போயின. சட்டென்று அலகு தண்ணீருக்குள் போய் வந்தது. மீன் துள்ளியது. குன்றியும் புல்வெளியில் அப்படி நின்று பார்த்தாள். இருக்கும் நான்கு கால்களில் எத்தனையைத் தூக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. உண்ணி கடித்தது. சொறிந்துகொண்டாள். மான்கள் போய்விட்டன.

மடுவில் முதலை கிடந்தது. பாசி படிந்த கட்டைபோல் கிடந்தது. தண்ணீர் குடிக்க வரும் விலங்கின் மூக்கு தன் மூக்குக்கு எதிரே வரும்வரை அது அசையாதாம். பசிக்காதா என்று குன்றி கேட்டதற்கு, போன மாதம்தானே சாப்பிட்டேன் என்று பதில் சொன்னது. குன்றி தண்ணீரில் கழுத்துவரை இறங்கிக் கிடந்து பார்த்தாள். குளிரில் தும்மல் வந்தது. தும்மலைக் கேட்டால் எந்த மான் வரும்?

கடைசியாகச் சிறுத்தையிடம் போனாள். மருத மரக்கிளையில் படுத்திருந்த அது ஒரு கண்ணை மட்டும் திறந்து அவளைப் பார்த்தது.

"அண்ணே, நீங்க மட்டும் எப்படி ஒத்தையாளாப் புடிக்கிறீங்க?"

"காத்து எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு பாப்பேன். அதுக்கு எதிர்ப் பக்கமாப் போவேன். வயிறு மண்ணுல உரசணும். மூச்சு சத்தம்கூட எனக்கே கேக்கக் கூடாது. நாலு தப்படி தூரத்துக்கு மான் வர்ற வரைக்கும் வாயைத் தொறக்க மாட்டேன். சத்தம் போடாம இருக்கிறதுதான் மொத்த வித்தையும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா ஒண்ணு தங்கச்சி. பத்துல ஒம்பது தப்பிச்சுப் போயிடும். போன மழையில கால்ல முள்ளு ஏறி எட்டு நாள் பட்டினி கெடந்தேன். என்னன்னு கேக்க ஒரு நாதி இல்ல. உன் சீழ்க்கைக்குப் பதில் சொல்ல அஞ்சு பேர் இருக்காங்க. நீ எதுக்கு என்கிட்ட வந்த?"

சிறுத்தை சொன்னதில் முன்பாதியை மட்டும் குன்றி வாங்கிக்கொண்டாள். பின்பாதி காதில் விழுந்தது, மனத்தில் விழவில்லை. நமக்கு வேண்டியதை மட்டும் கேட்டுக்கொள்ளும் காது நம் எல்லோருக்கும் இருக்கிறதே.

ஒரு வாரம் அவள் முயலையும் காட்டுக்கோழியையும் வைத்து அந்த வித்தையைப் பழகிப் பார்த்தாள். காற்றைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். வயிறு மண்ணில் உரச ஊர்ந்தாள். வாயைத் திறக்காமல் இருக்கவும் பழகிக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் காலை. வழக்கம்போல் நெடியாள் ஒரு மானைக் குறித்தாள். கொம்பு முளைக்காத இளம் புள்ளிமான். ஐந்து பேரும் அதை விரட்டினார்கள். அது மேலும் கீழுமாக மலைச்சரிவு முழுவதும் ஓடியது. அவர்களும் மாறி மாறி ஓடினார்கள். பாறையை நெருங்கும்போது மானுக்கு நாக்கு வெளியே தொங்கியது.

அது இடப்பக்கம் திரும்பித் துறைக்கு வந்தது.

குன்றி நாவல் மரத்துக்குப் பின்னால் இருந்து பார்த்தாள். காற்று மானிடமிருந்து அவள் பக்கம் வீசியது. மான் தண்ணீரில் இறங்காமல் தள்ளாடிக்கொண்டு நின்றது. நாலு தப்படிக்குக் கொஞ்சம் அதிகம்.

அவள் சீழ்க்கை அடிக்க வேண்டிய நேரம் அது. வாய் குவிந்தும்விட்டது. ஆனால் அடித்தால் ஐந்து பேரும் வந்துவிடுவார்கள். மாலையில் சுண்டு கேட்கும்போது பதில் எல்லாரும்தான் என்று ஆகிவிடும்.

வாயை மூடிக்கொண்டாள். வயிற்றை மண்ணோடு ஒட்டினாள். ஒரு தப்படி ஊர்ந்தாள்.

பாறைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு சின்னச் சீழ்க்கை கேட்டது. முடுகன்தான். மான் அங்கேயா என்று கேட்கிறான். அவளிடம் மட்டும் அவன் அப்படிக் கேட்பது வழக்கம். மான் துறையில் இருந்தால் அவள் பதில் சொல்வாள். இல்லாவிட்டால் சும்மா இருப்பாள்.

அவள் சும்மா இருந்தாள். இன்னும் இரண்டே தப்படி, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

பாறைக்கு அந்தப் பக்கம் நாணல் அசைவது முடுகனுக்குத் தெரிந்தது. துறையிலிருந்து சத்தம் இல்லை. அப்படியானால் அசைவது மான்தான். அவன் எப்போதும்போல் யோசிக்காமல் பாய்ந்தான்.

நாணலுக்குள் இருந்தது மான் இல்லை. ஓர் ஒற்றைப் பன்றி. தன் கூட்டத்தோடும் சேராமல், கண்டதை எல்லாம் முட்டிக்கொண்டு திரிகிற பன்றி. சேற்றில் புரண்டுகொண்டிருந்தது. மேலே வந்து விழுந்தது யார், என்ன என்று அது பார்க்கவில்லை. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். கோரைப்பல்லைக் கீழிருந்து மேலாக ஒரு வீசு வீசியது. பிறகு நாணலை உடைத்துக்கொண்டு ஓடிப்போனது.

அதே நேரத்தில் துறையில் குன்றி பாய்ந்தாள். மான் துள்ளக்கூட இல்லை. துள்ளுவதற்கு அதனிடம் மூச்சு இல்லை. ஐந்து பேர் ஓடி ஓடி அந்த மூச்சை எடுத்திருந்தார்கள். ஆனால் அது அப்போது குன்றியின் நினைவுக்கு வரவில்லை. மான் விழுந்தது. அவள் பல்லில் ரத்தம். நான், நான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

தலையைத் தூக்கி நீளமாகச் சீழ்க்கை அடித்தாள். வாழ்நாளில் அவ்வளவு உரக்க அவள் அடித்ததில்லை.

மலைச்சரிவில் இருந்து நெடியாள் பதில் சொன்னாள். செம்பன் பதில் சொன்னான். பின்னால் வந்த இருவரும் சொன்னார்கள். குன்றி காத்திருந்தாள். ஒரு பதில் குறைந்தது.

ஒவ்வொருவராகத் துறைக்கு வந்து சேர்ந்தார்கள். மானைச் சுற்றி நின்றார்கள். யாரும் வாய் வைக்கவில்லை. நெடியாள் நீளமாக ஒரு சீழ்க்கை அடித்தாள். ஓடைத் தண்ணீர் ஓடும் சத்தம்தான் கேட்டது. செம்பன் அடித்தான். பிறகு குன்றி அடித்தாள். அவள் அடித்ததற்கு நாணல் பக்கம் இருந்து பதில் வந்தது. ஊதுவதற்குக் காற்று போதாதவன் ஊதினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அது.

எல்லோரும் ஓடினார்கள். குன்றி முதலில் போனாள்.

முடுகன் நாணலின் ஓரத்தில் கிடந்தான். விலாவிலிருந்து தொடைவரை கிழிந்திருந்தது. அவன் குன்றியைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. ஒரு சிறு குழப்பம் மட்டும் இருந்தது.

"நீ ஊதலையே குன்றி. அதான் இங்க இருக்குன்னு நெனச்சேன்."

அவள் குனிந்து காயத்தை நக்கினாள்.

"மான் கெடச்சுதா?"

"கெடச்சுது" என்றாள்.

"அப்பச் சரி. பிள்ளைங்க பசியா இருக்கும். சீக்கிரம் போங்க."

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. குன்றி காயத்தை நக்கிக்கொண்டே இருந்தாள். நக்கி ஆறக்கூடிய காயமா அது? வெயில் பாறை உச்சிக்கு வரும்போது அவன் உடம்பு குளிர்ந்துவிட்டது. செம்பன் அவளை மெல்ல முட்டி எழுப்பினான். அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை முட்டிய பிறகு எழுந்தாள்.

மானிடம் திரும்பி வந்தார்கள். பசியோடு சுற்றி நின்றார்கள். எல்லோருடைய பதிலும் வந்த பிறகுதான் முதல் வாய் என்பது வழக்கம். ஒருவனுடைய பதில் இனி வரப்போவதில்லை. அப்படி ஆனால் என்ன செய்வது என்று அவர்களுக்கு வழக்கம் எதுவும் இல்லை. அதனால் நின்றுகொண்டே இருந்தார்கள்.

நெடியாள் மானின் கழுத்தில் இருந்த பல்தடத்தைப் பார்த்தாள். மண்ணில் ஊர்ந்த தடத்தையும் பார்த்தாள்.

"குன்றி, மான் இங்க வந்தப்ப நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அவன் கூப்பிட்டுக் கேட்டானா?"

"கேட்டான் அக்கா."

"அப்புறம்?"

"ஒத்தையாப் புடிக்கணும்னு ஆசைப்பட்டேன். அதான் ஊதல."

நெடியாள் அவளைத் திட்டவில்லை. யாருமே திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவளால் கொஞ்சம் தாங்கியிருக்க முடியும். குட்டிகளுக்காகச் சாப்பிடுங்கள் என்று மட்டும் நெடியாள் சொன்னாள். எல்லோரும் குனிந்து சாப்பிட்டார்கள். குன்றியும் சாப்பிட்டாள். சாப்பிடாமல் போனால் குட்டிகளுக்கு என்ன கொடுப்பாள்?

குகையில் குட்டிகள் ஓடிவந்து வாயை நக்கின. அவள் கக்கிக் கொடுத்தாள். சுண்டு வாய் நிறையத் தின்றுகொண்டே நிமிர்ந்து பார்த்தது.

"இன்னைக்கு யாரு புடிச்சது?"

இந்தக் கேள்விக்காகத்தானே அவள் அத்தனையும் செய்தாள். குழி வெட்டினாள், தண்ணீரில் கிடந்தாள், மண்ணில் ஊர்ந்தாள். பதில் ஒரே ஒரு சொல். அது நாக்கு நுனிவரை வரவே இல்லை. வழக்கமாகப் பதில் சொல்பவன் எங்கே என்று சுண்டு குகை வாசலைப் பார்த்தது. குன்றி அதன் தலையை நக்கினாள். எதிரே புற்றின் மேல் இருந்த நரி இறங்கிப் போய்விட்டது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதிதான். ஆனால் பசி நம் துக்கம் தீரும்வரை காத்திருக்காதே. மூன்றாம் நாள் மறுபடி வேட்டைக்குப் போயாக வேண்டும்.

துறையில் யார் நிற்பது என்ற பேச்சு வந்தது.

"குன்றியே நிக்கட்டும். இனிமே அவ தப்பு பண்ண மாட்டா" என்றாள் நெடியாள்.

அது உண்மைதான். அன்று குன்றி நின்றதுபோல் அந்தத் துறையில் யாரும் என்றைக்கும் நின்றிருக்க மாட்டார்கள். நாவல் மரத்துக்குப் பின்னால் கண்ணை இமைக்காமல் நின்றாள். ஓர் இலை விழுந்தாலும் காது நிமிர்ந்தது. மான் வரட்டும், உயிரே போனாலும் ஊதிவிடுகிறேன் என்று நின்றாள்.

மான் துறைக்கு வரவில்லை. பாறையிடம் வந்ததும் வலப்பக்கம் திரும்பி நாணலுக்குள் புகுந்துவிட்டது.

இப்போது முன்னால் ஓடிவருபவன் செம்பன். பாறைக்கு அந்தப் பக்கம் நின்று, அண்ணன் செய்வதுபோலவே ஒரு சின்னச் சீழ்க்கை அடித்தான். குன்றி சும்மா இருந்தாள். மான் இங்கே இல்லை என்றால் சும்மாதானே இருக்க வேண்டும்? இந்த முறை அது பொய் இல்லை.

செம்பனுக்கு எதிரே நாணல் அசைந்தது. பாய்வதற்குக் காலைத் தூக்கினான். தூக்கிய கால் அப்படியே நின்றது. நாணலின் ஓரத்தில் இன்னும் உலர்ந்த ரத்தக்கறை இருந்தது. பின்னால் வந்த மூவரும் அவனைப் பார்த்தார்கள். அவர்கள் கால்களும் எழவில்லை. அவர்கள் கோழைகள் இல்லை. துறையிலிருந்து சத்தம் வராததற்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்கு இப்போது தெரியவில்லை. அவ்வளவுதான்.

செம்பன் பாறையைச் சுற்றி ஓடித் துறைக்கு வந்தான்.

"அண்ணி, மான் இந்தப் பக்கம் வந்துச்சா?"

"வரல."

"நெசமாவா?"

அவன் குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். குன்றி அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஓடையைப் பார்த்தாள்.

"நெசமாத்தான்" என்றாள்.

அவன் திரும்பி ஓடுவதற்குள் மான் நாணலின் மறுபக்கமாக வெளியேறி அடுத்த மலையில் ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்த நாளும் அப்படித்தான் ஆனது. அதற்கு அடுத்த நாள், துறையில் குன்றியோடு இன்னொருத்தியையும் நிறுத்திப் பார்த்தார்கள். துறையில் இருவர் நின்றால் விரட்ட மூவர்தான் மிஞ்சினார்கள். மூவர் விரட்டினால் மானுக்கு மூச்சு வாங்குவதில்லை. அது பாறைக்கே வராமல் மேட்டிலேயே தப்பிவிட்டது.

அன்று மாலை எல்லோரும் வெறும் வயிற்றோடு குகைக்குத் திரும்பினார்கள். குட்டிகள் ஓடிவந்து ஒவ்வொரு வாயாக நக்கிப் பார்த்தன. எந்த வாயிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. மூன்று குட்டிகள் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டன. சுண்டு மட்டும் குன்றியின் வாயை விடாமல் நக்கியது.

"இன்னைக்கும் யாரும் புடிக்கலையாம்மா?"

"புடிக்கல கண்ணு."

"யாரால?"

செம்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நெடியாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். குன்றி முந்திக்கொண்டாள்.

"என்னால" என்றாள்.

சுண்டுவுக்கு அது புரியவில்லை. இன்னும் ஒருமுறை அவள் வாயை நக்கிப் பார்த்துவிட்டு, அவள் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது.

நீதி: நம்மை நம்பி நிற்பவர்களிடம் பேசாமல் இருந்தும் பொய் சொல்லிவிட முடியும், அப்படி ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு நாம் சொல்லும் உண்மையும் அவர்களுக்கு உதவாது.